தோள் காதுக்கு ஏறும் நேரம்

செக்கிங் அக்காவுக்கு நான் ஒன்பதாயிரம் கொடுக்க வேண்டியிருந்தது. நாலு மாதம் கொடுக்கவில்லை. பணம் இல்லாமல் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, சிமென்ட் மூட்டை தூக்கிய முதுகால் மூன்று கடை கட்டியவன் நான். என் கையெழுத்து கோணலாக இருக்கும். நான் கொடுத்த செக் ஒன்றுகூடத் திரும்பியதில்லை. காரணம் வேறு.

என் கடைத் தெருவின் கோடியில் அக்கா வீடியோ கேம் கடை வைத்திருக்கிறார். ஆறு திரை, ஆறு நாற்காலி, மணிக்கணக்கில் காசு. அதற்கு முன் பதினோரு வருடம் சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை அவர் கண்ணைத் தாண்டிப் போகும். ஒரு தையல் விட்டிருந்தாலும் கை தானாக நின்றுவிடுமாம். கம்பெனியை மூடியபோது வந்த பணத்தில் பழைய மெஷின்கள் வாங்கிப் போட்டார். பட்டப்பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது.

என் பேத்திக்குப் பதினைந்து வயது. அங்கே துப்பாக்கிச் சண்டை ஆடித் தோற்றவள், ஆத்திரத்தில் கன்ட்ரோலரை வீசித் திரையை உடைத்துவிட்டாள். புதுத் திரை பதினெட்டாயிரம். அக்கா கேட்டது ஒன்பது. பாதிக்கு இறங்கிவிட்டாள், பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"பச்சப் பிள்ளைக்குச் சுடக் கத்துக் கொடுத்தது உன் மெஷின். அதுக்கு நான் தண்டம் கட்டணுமா?" என்று பதில் சொல்லி அனுப்பினேன்.

ஆறாவது நாற்காலி காலியாகவே கிடந்தது. ஐந்து நாற்காலி வருமானத்தில் வாடகை கட்ட முடியாமல் அக்கா கம்மலைக் கழற்றி அடகு வைத்ததாகப் பேச்சு. பிறகு ஒரு நாள் என் கடைக்கே வந்தார்.

"ஐயா, ஒரு மணி நேரம் என் கடையில வந்து உக்காருங்க. அப்பவும் மெஷின் மேலதான் தப்புன்னு தோணிச்சுன்னா, பாக்கியை விட்டுடுறேன்."

பேரம் என்றால் எனக்கு நாக்கில் எச்சில் ஊறும். பேத்தியையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அக்கா திரைகளைப் பார்ப்பதே இல்லை. மூலையில் ஸ்டூலைப் போட்டு, ஆடுகிறவர்களின் முதுகைப் பார்க்கிறார். திடீரென்று எழுந்து ஒரு பையனைத் தட்டி, குடத்தை நீட்டினார்.

"அக்கா, இன்னும் ஒரே ஆட்டம்க்கா."

"தண்ணி."

அவன் முணுமுணுத்துக்கொண்டே குடத்தோடு குழாயடிக்குப் போனான்.

"அவன் என்னம்மா செஞ்சான்?" என்றேன்.

"இன்னும் ஒண்ணும் செய்யலைங்க. தோள் காதுக்கு ஏறிடுச்சு. சுடுறப்ப ஏறாது. வரிசையா மூணு தடவை தோத்தா ஏறும்."

"ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இதுங்களுக்குக் கொதிக்குது. எனக்குத் தெரியாதா?"

"அப்ப நீங்களே ஆடிப் பாருங்களேன்."

எதிரே பேத்தி உட்கார்ந்தாள். முதல் ஆட்டம் போயிற்று.

"தாத்தா, செவுத்தை ஏன் சுடுறீங்க? நான் உங்க பின்னாடி நிக்கிறேன்."

இரண்டாவதும் போயிற்று. பையன்கள் கூடிவிட்டார்கள். "பெரியவரே, வீம்புல கடையை எழுதி வெச்சிடாதீங்க" என்றான் ஒருவன்.

மூன்றாவதில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. யாரோ என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் என் கை தலைக்கு மேலே, கையில் கன்ட்ரோலர். பிடித்திருந்தது அக்கா. அழுத்தமாகக்கூட இல்லை, நாடி பார்ப்பது போல இரண்டு விரல்.

"எழுந்திருங்க ஐயா. தண்ணி பிடிச்சிட்டு வாங்க."

என்னை எழுந்திரு என்று சொல்ல நாற்பது வருடமாக ஆள் கிடையாது. எழுந்தேன். குழாயடியில் குடம் நிறைகிற வரை ஒன்றையே நினைத்தேன். ஸ்டூலிலிருந்து என் நாற்காலிக்கு ஆறு எட்டு நடக்க வேண்டும். நான் கை ஓங்கிய பிறகு கிளம்பியிருந்தால் அவர் வந்து சேர்ந்திருக்க முடியாது. எனக்கே தெரியாத ஒன்று அந்த அம்மாளுக்கு ஆறு எட்டு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. என் முகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்ட வியாபாரிகள் எத்தனையோ பேர் தோற்றிருக்கிறார்கள். இவர் முதுகைப் பார்த்தே படித்துவிட்டார்.

பேத்தி பக்கத்தில் வந்து நின்றாள். "எனக்கும் இப்படித்தான் தாத்தா. கை போனதே தெரியலை." அன்றைக்கு இதையே சொன்னபோது பொய் என்று திட்டியவன் நான்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அப்போ மெஷின் மேல தப்பே இல்லைங்கிறியாம்மா?" என்றேன்.

"அப்படிச் சொல்ல மாட்டேங்க. கையைச் சூடாக்குறதே அதுதான். அதுக்குத்தான் நான் பின்னாடி உக்காந்திருக்கேன். அன்னைக்கு போன் பேசிட்டு இருந்துட்டேன். உங்க பேத்தியை எழுப்பலை. என் பங்கு பாதி."

பயந்துவிட்டாள் என்று நாலு மாதம் எண்ணியிருந்தேன். தன் தப்பை யாரும் கேட்காமலே தன் கணக்கில் எழுதி, மீதியை மட்டும் கேட்டிருக்கிறார்.

"பதினெட்டும் வாங்கிக்கம்மா."

"ஒன்பதுதாங்க."

குறைத்துக் கேட்டே பழகிய எனக்கு ஏற்றிக் கொடுக்கத் தெரியவில்லை. அக்கா உள்ளங்கையை நீட்டினார். ஐந்நூறு ரூபாய்த் தாள்களை இரண்டிரண்டாக அந்தக் கையில் வைத்தேன். பேத்தி ஆயிரம் ஆயிரமாக வாய்விட்டு எண்ணினாள். ஒன்பதில் நிறுத்தினேன்.