கிளாரினெட்டில் விட்ட எண்ணெய்

என் தவறுக்காக இன்னொருவன் அடி வாங்கியபோது வாய்மூடி நின்றவன் நான்.

தென்காசியில் என் நண்பன் தங்கராஜ் போலீஸ் பேண்டில் சேர ஆசைப்பட்டுக் கிளாரினெட் பழகினான். தேர்வுக்கு முந்தின நாள் குற்றாலச் சாரல் ஊருக்குள்ளும் தூறியது. ஈரத்தில், துளைகளை மூடும் தோல் பேட்கள் ஊறி, அழுத்திய கீகள், அதாவது விரல் விசைகள், எழும்பாமல் ஒட்டிக்கொண்டன. மெல்லிய தாளைப் பேட்டுக்கும் துளைக்கும் இடையில் வைத்து ஈரத்தை ஒற்றியெடுத்தாலே போதும். அது தெரியாமல், அவன் குளிக்கப் போன நேரத்தில், கதவுக்கு விடுவதுபோல் எல்லாக் கீகளிலும் தேங்காய் எண்ணெய் விட்டேன். பேட்களின் மெல்லிய தோல் அதைக் குடித்துப் பிசுபிசுத்தது. மறுநாள் வாசிக்கும்போது கீகள் எழும்பவே இல்லை. கிடைக்கவிருந்த வேலை போயிற்று.

வீடு திரும்பியதும் தங்கராஜ் தன் தம்பி ஜேக்கப்பைப் பிடித்தான்.

"ஏலே, எண்ணெயக் கொட்டி வச்சிருக்கியே, வெளையாட்டாலே ஒனக்கு?"

"நான் தொடவே இல்லண்ணே!"

அடி விழுந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மதுரைக்குப் போன ஜேக்கப், அதன்பின் அண்ணனோடு பேசவே இல்லை.

போன வருடம், பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், அந்தக் கிளாரினெட்டைத் தங்கராஜிடம் கேட்டு வாங்கிப் புதிய பேட்கள் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்து, உண்மையைச் சொன்னேன்.

"இதச் சரிபண்ணிட்டேரு வே. எந்தம்பிய என்ன செய்வேரு?" என்று கேட்டுத் தன் போனை நீட்டினான் தங்கராஜ்.

அதில் ஜேக்கப்பை அழைத்து அவனிடமும் சொன்னேன்.

"நான் சொன்னப்ப அண்ணன் நம்பல. நீங்க சொன்னா மட்டும் நம்புதாவளோ?" என்று போனை வைத்துவிட்டான்.

தங்கராஜ் இப்போதும் தம்பியை அழைத்துப் பார்க்கிறானாம். என்னை மட்டும் அழைப்பதில்லை.