நாலாங்கிளாஸ் பெரியநாயகி

குரும்பகரத்தில் பெரியநாயகி என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். நான் சொல்லப்போவது மேலத்தெருப் பெரியநாயகியைப் பற்றி. புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். ஒரே மகன் தியாகேசன். இரண்டு மா குத்தகை நிலமும் கூலி வேலையுமாக அவனைக் காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். அவனுக்குப் புத்தகத்தைவிட இயந்திரத்தின் மேல்தான் ஆசை. பண்ணை வீட்டுத் தண்ணீர் இறைக்கும் இஞ்சின் நின்றுபோனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கையெல்லாம் எண்ணெயோடு வீட்டுக்கு வருவான். அவள் திட்டிக்கொண்டே சீயக்காய் எடுத்து வைப்பாள்.

வெள்ளைக்காரன் கொடியை இறக்கிப் போன மறுவருஷம், ஐம்பத்தைந்தாம் வருஷத்து மாசி. சுங்கச் சாவடிகளை எடுத்து நாலு மாதம்கூட ஆகவில்லை. நாகப்பட்டினத்தில் தொழிற்பயிற்சிப் பள்ளி ஒன்றில் பிட்டர் வேலை சொல்லித் தருகிறார்கள், எட்டாவது படித்திருந்தால் போதும் என்று சேதி வந்தது. தியாகேசன் தன் சர்ட்டிபிகேட்டோடு மனுப் போட்டான். பத்தாம் நாள் மனு திரும்பி வந்தது. பக்கத்து வீட்டுக்காரியான நான் அஞ்சாவது வரை படித்திருந்ததால் பெரியநாயகி அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: ‘நாலாம் வகுப்பு. தகுதி இல்லை.’

நடந்தது இதுதான். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் வகுப்பை மேலிருந்து கீழே எண்ணுவார்கள். சின்னப் பிள்ளை பதினொன்றில் சேரும். படிக்கப் படிக்கப் பத்து, ஒன்பது என்று இறங்கி ஒன்றில் முடிக்கும். தியாகேசன் முடித்திருந்தது அவர்கள் கணக்கில் நாலாவது. நம் பக்கத்து எட்டாவதுக்குச் சமம். நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? நாலு என்று போட்டிருந்ததை நாலு என்றே படித்துவிட்டார்கள்.

இதைச் சரிசெய்யப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வரி போதும். எழுதவேண்டியவர் பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா சோமசேகரன். துரைமார் காலத்து மரியாதையில் எல்லாரும் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக் கோட்டு, மடிப்புக் கலையாத வேட்டி. பெரியநாயகியோடு நானும் போனேன். சம்பளம் வாங்க வந்த வாத்தியார்கள் நாலைந்து பேர் வராந்தாவில் இருந்தார்கள்.

“முசியே, ஒரு வரி எழுதிக் குடுங்க. எம்புள்ள நாலாவது இல்ல, எட்டாவதுன்னு.”

அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். சிரித்தார்.

“நாலுன்னுதானே போட்டிருக்கு? அவங்க சொல்றது சரிதானே.”

“ஒங்களுக்குத் தெரியாதாய்யா? ஒங்க பள்ளிக்கூடத்துக் கணக்குதானே இது.”

“துரை போயிட்டாரு, கணக்கும் போயிடுச்சு. ஒங்க புது சர்க்காருக்கிட்டப் போயிக் கேளு.” பிறகு வாத்தியார்கள் பக்கம் திரும்பினார். “களத்துல நெல்லு தூத்துற கைக்கு மிஷினு கேக்குது பாத்தியளா! நாலாங்கிளாஸ் பெரியநாயகி!”

அவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்கு முன்னாலேயே அந்தப் பேர் ஊருக்குள் போய்விட்டது என்றுதான் சொல்லவேண்டும். அடுத்த வாரம் களத்துமேட்டில் சின்னப் பயல்கள்கூட “நாலாங்கிளாஸு வருது, நாலாங்கிளாஸு வருது” என்று கத்தினார்கள்.

எங்கள் பக்கம் ஒரு காரியம் நடக்கவேண்டுமென்றால் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி மாடத்தில் வைப்போம். காரியம் நடந்ததும் அவிழ்த்து அம்பாளுக்குச் செலுத்துவோம். பெரியநாயகி அன்று சாயங்காலம் மஞ்சள் துணி நனைத்தாள். காசு வைக்கவில்லை. திருப்பி அனுப்பிய அந்த மனுவை எட்டாக மடித்து, துணியில் முடிந்து, விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இது என்னடி அநியாயம்? சாமி மாடத்துல வெஞ்சினத்த முடிஞ்சு வைக்கலாமா? விடு. அம்பா பாத்துக்குவா.”

“அம்பாளுக்கு ஆயிரம் வேல இருக்கு, அன்னம். இத நான் பாத்துக்கறேன்.”

அதற்குப் பிறகு அவள் அழுது நான் பார்க்கவில்லை. தினமும் விளக்கேற்றும்போது அந்த முடிச்சைத் தொட்டுப் பார்ப்பாள், பால் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி.

சித்திரையில் என்னைக் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினாள். மடியில் மகனுடைய கணக்கு நோட்டுகள். பயிற்சிப் பள்ளித் தலைவர் மதராஸ் பக்கத்து மனிதர். நாங்கள் உள்ளே போனதும் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. நோட்டுகளை மேசைமேல் விரித்தாள்.

“எழுத்து எனக்குத் தெரியாதுங்க. ஆனா இது நாலாங்கிளாஸ் புள்ள போடற கணக்கான்னு நீங்களே பாருங்க.”

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதானே. முக்கோணமும் வட்டமும் போட்டு எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“தப்பு எங்க மேலதாம்மா. ஆனா இந்த வருஷத்து இடமெல்லாம் நெறஞ்சிடுச்சு. இது மாதிரி இன்னும் எத்தன பேரத் திருப்பி அனுப்பினோமோ தெரியல.”

அவர் நல்லவர். அன்றே காரைக்கால் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதினார். இனிமேல் பிள்ளைகள் தனித்தனியாக மனுப் போடவேண்டாம். வருஷா வருஷம் பள்ளிக்கூடமே ஒரு பட்டியல் அனுப்பட்டும். நாலாவது முடித்தவர்களை எட்டாவதுக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறோம். இங்கே காரைக்காலுக்கு ஆறு இடம். பட்டியலில் எழுதியிருக்கும் வரிசைப்படி முதல் ஆறு பேர். பிள்ளைகள் யாரும் விட்டுப்போகாமலிருக்கப் பெற்றோர் சார்பில் ஒருவர் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒப்பம் வைக்கவேண்டும். அந்த ஒருவர் யார் என்றும் அவரே எழுதிவிட்டார்: குரும்பகரம் பெரியநாயகி அம்மாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். திருமலைராயன்பட்டினம் தாண்டியதும், “இனி அவரு வருவாரு” என்றாள்.

“யாரு?”

“முசியே.”

வந்தார். அடுத்த மாசியில், நல்ல வெயில் நேரத்தில், குடையைப் பிடித்துக்கொண்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரப்பு வழியாகக் களத்துக்கே வந்தார். கையில் பட்டியல், மறுநாள் தபாலில் போகவேண்டியது. அந்த அம்மா கைநாட்டு இல்லாமல் கொண்டுவராதே என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். துரை போனபிறகு பிரெஞ்சு படித்த பிள்ளைக்கு எந்த ஆபீஸிலும் நாற்காலி இல்லை. சோமசேகரனுடைய மகன் சம்பந்தமும் அந்த வருஷம் நாலாவது முடித்திருந்தான்.

பெரியநாயகி நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். கொண்டல் காற்று சரியாக அடித்துக்கொண்டிருந்தது. காற்று இருக்கும்போது முறத்தைக் கீழே வைக்கக்கூடாது. அது எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் காற்று வரும் பக்கம் வந்து நிற்காமல் பதர் விழும் பக்கமாக வந்து நின்றார். அவள் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. வெள்ளைக் கோட்டு அரை நாழிகையில் சாக்கு நிறமாகிவிட்டது.

“ஒரு கைநாட்டு, அவ்வளவுதான்.” அவர் தும்மினார். “நேரமாவுது.”

“ஒக்காருங்க முசியே. அந்த வைக்கோல்கட்டுல ஒக்காருங்க. அன்னம், அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசி.”

நான் வாசித்தேன். ஏழு பேர். முதல் பெயர் சம்பந்தம், தகப்பனார் சோமசேகரன். ஏழாவது தியாகேசன்.

அவள் முறத்தை நிறுத்தவில்லை. “வேற காயிதம் வச்சிருக்கீங்களா?”

“எதுக்கு?”

“நான் சொல்றேன், நீங்க எழுதுங்க.”

அவர் மரக்காலைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் காகிதத்தை வைத்துக்கொண்டார். அவள் ஒவ்வொரு வீசு நெல்லுக்கும் ஒரு பெயராகச் சொன்னாள். முதலில் தியாகேசன். பிறகு பட்டினத்து மரைக்காயர் வீட்டுப் பையன் நூர் அகமது. பிறகு தருமபுரத்துப் பையன்கள் இரண்டு பேர், அப்புறம் மீதி இரண்டு பேர். ஆறு பெயர் ஆனது. அவருடைய பேனா நின்றது.

“ஏழாவது எம்மவனா? ஆறு எடந்தாம்மா இருக்கு.”

“எழுதுங்க.”

“பெரியநாயகி, அன்னிக்கு நான் ஏதோ வெளையாட்டா…”

“நானும் வெளையாட்டாத்தான் சொல்றேன். எழுதுங்க.”

அவர் எழுதினார். அப்போதுதான் அவள் முறத்தைக் கீழே வைத்தாள். இடுப்பிலிருந்து அந்த மஞ்சள் முடிச்சை எடுத்தாள். காலையில் மாடத்திலிருந்து எடுத்து அவள் சொருகிக்கொண்டதை நான் பார்த்திருந்தேன். ஏன் என்று அப்போது விளங்கவில்லை. முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, சிவப்பு மை எழுதிய மனுவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“ஒங்க மவனுக்கு வச்சுக்கங்க. அவனுக்கும் ஒண்ணு இது மாதிரி வரும். ஏழுன்னுதானே போட்டிருக்கு? அவங்க சொல்றது சரிதானே.”

அவர் கொண்டுவந்த மைத்தகரத்தில் பெருவிரலை அழுத்தி, ஏழு பெயருக்கும் பக்கத்தில் ஏழு தடவை வைத்தாள். ஏழாவதுக்கு ரொம்பத் தெளிவாக வைத்தாள். அவர் வரப்பில் போகும்போது குடையை விரிக்க மறந்துபோனார். பதரோடு போனார். களத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, பெரியநாயகி மட்டும் சிரித்தாள். ஒரு வருஷமாக அவள் சிரித்துப் பார்க்காத எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

“ஒரு வருசத்துக்கு ஒரு வருசம்” என்றாள். “அடுத்த வருசம் அவன் பேர மொதல்ல எழுதச் சொல்லுவேன். நான் மோசக்காரி இல்ல.”

அன்று கோயிலில் தியாகேசனுக்கு ஒரு விளக்கும் சம்பந்தத்துக்கு ஒரு விளக்கும் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

தியாகேசன் நாகப்பட்டினத்தில் சேர்ந்தான். முதல் மாதம் முழுக்க இரும்புத் துண்டை அரத்தால் ராவி ராவிச் சதுரமாக்கச் சொன்னார்களாம். உள்ளங்கை கொப்பளித்து வந்தான். அவன் முதலில் ராவிய சதுரத்தை அவள் சாமி மாடத்தில் வைத்தாள், முடிச்சு இருந்த இடத்தில். ஊரில் அப்போதும் நாலாங்கிளாஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் கூப்பிடும்போது கொஞ்சம் பயந்து கூப்பிட்டார்கள். மகனுக்குச் சீட்டு வேண்டிய தாய்மார்கள் முருங்கைக்காயும் கருவாடும் கொண்டுவந்து பார்த்தார்கள். எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினாள். எத்தனாவது கிளாஸ் என்று மட்டும் கேட்பாள்.

மறுமாசியில் சோமசேகரன் மறுபடியும் களத்துக்கு வந்தார். கோட்டு இல்லை. இந்தத் தடவை காற்று வரும் பக்கமாக வந்து நின்றார். காகிதம் ஒன்றும் எழுதாமல் இருந்தது.

“சொல்லு, எழுதறேன்” என்றார்.

“மொதல்ல ஒங்க மவன் பேர எழுதுங்க.”

அவர் பேனாவைத் திறக்கவில்லை.

“அவன் இல்லம்மா. எடமில்லன்னு காயிதம் வந்த வாரமே சொல்லாம கொள்ளாம புதுச்சேரிக்குப் போயிட்டான். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல சேந்து கப்பலேறிட்டான். இப்ப அல்ஜீரியாவுல சண்டையில இருக்கான்.”

காற்று நன்றாக அடித்தது. அவள் முறம் நின்றுவிட்டது. மேலே அள்ளிய நெல் முறத்திலேயே இருந்தது.

“காயிதம் போடறானா?”

“மூணு மாசமா இல்ல.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முறத்தை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“இந்த வருசம் எத்தன பேரு?”

“அஞ்சு.”

“அப்ப எடம் இருக்கு. எழுதுங்க, மொதப் பேரா. வந்தா சேந்துக்கட்டும்.”

அவர் எழுதினார். எழுத்து கோணிப்போனது. அவள் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பெருவிரலை வைத்து, எடுக்காமல் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டே இருந்தாள். மை பரவிப் பெயரில் பாதியை மூடிவிட்டது. “அய்யய்யோ” என்று அவர் வேறு காகிதம் எடுத்து மறுபடி எழுதினார். அவள் மறுபடி வைத்தாள்.

அவர் எழுந்து கும்பிட்டார்.

“கும்புடாதீங்க” என்றாள். “நீங்க அன்னிக்குச் சிரிச்சத நான் இன்னும் மறக்கல.”

பிறகு காற்று நிற்பதற்குள் முறத்தைத் தூக்கினாள். சாயங்காலம் நான் அவள் வீட்டுக்குப் போனபோது அந்த மஞ்சள் துணியைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். மறுநாள் விளக்கு வைக்கும்போது மாடத்தில் மறுபடி ஒரு முடிச்சு இருந்தது. தொட்டுப் பார்த்தேன். உள்ளே காசு.