கட்டம் போட்ட சீட் கவர்

எங்கள் வீட்டிலிருந்து ஒரு கல்யாணத்துக்குப் போவதென்றால் அம்மா பஸ்ஸில் போவாள். அப்பாவும் நானும் காரில் போவோம். அம்மாதான் முதலில் போய்ச் சேர்வாள். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வெளியூரிலிருந்து வரும் விருந்தாளிகளைப் போல எங்களை வரவேற்பாள். சொந்தக்காரர்களுக்கு இது பழகிப்போயிருந்தது. எல்லார் வீட்டிலும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரணம் அந்தக் கார்தான். போடி மலையில் ஏலத்தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் வெள்ளைக்காரர் காலத்தில் ஓட்டிய சின்ன நீல வண்டி. தோட்டத்துக் கொட்டகையில் கோழிகள் அடையக் கிடந்ததை அப்பா கல்யாணத்துக்கு முன்பே வாங்கிவந்து, தேனி பஜாரில் இருந்த எங்கள் பம்புசெட் சாமான் கடைக்குப் பின்னால் நிறுத்தி, மெல்ல மெல்ல ஓட வைத்தார். தலைதீபாவளிக்கு அம்மாவை அதில்தான் கம்பத்துக்குக் கூட்டிப்போனாராம். உத்தமபாளையம் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. புதுப்பெண் பட்டுச்சேலையும் பலகாரத் தூக்குமாகத் தக்காளி லாரியில் ஏறிப் பிறந்த வீட்டு வாசலில் போய் இறங்கினாள். தெருவே வெளியே வந்து பார்த்தது. அதற்கப்புறம் அம்மா அந்த வண்டியில் ஏறவேயில்லை. யாராவது கேட்டால், "அது கல்யாணத்துக்கு முன்னாடியே வந்துருச்சு. நாந்தான் ரெண்டாவதா வந்தவ" என்பாள்.

அப்பாவைப் போலப் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியகுளத்தில் சங்கத் தலைவருடைய மாந்தோப்பில் கூடுவார்கள். அவரை நான் பெரியகுளத்து மாமா என்று கூப்பிடுவேன். மரத்தடியில் வண்டிகள் பானட்டைத் திறந்துகொண்டு வரிசையாக நிற்கும். வண்டிக்காரர்கள், பிள்ளைக்குச் சளி பிடித்ததைப் பற்றித் தாய்மார்கள் பேசிக்கொள்வது போலப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

"போர் தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்தாதீக. உப்புப் படிஞ்சு அடைச்சுக்கிரும். மழைத்தண்ணியப் பிடிச்சு வச்சுக்கங்க" என்பார் மாமா. "தார்ப்பாயப் போட்டு மூடவே கூடாது. ஈரம் உள்ளயே நின்னு தகரத்தத் தின்னுரும். பழைய பருத்தி வேட்டி போதும்." வயரை எலி கடிக்காமல் இருக்கப் புகையிலைக் காம்பைச் செருகி வைக்க வேண்டும் என்பார் இன்னொருவர். ஓட்டாவிட்டாலும் வாரம் ஒரு தடவை எஞ்சினை எழுப்பிவிட வேண்டும் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து.

கேட்டதையெல்லாம் அப்பா வீட்டுக்கு வந்து ஒன்றுவிடாமல் செய்வார். அம்மாவின் சீர் குடம் மழைத்தண்ணீர் பிடிக்கப் போனது. நல்ல வேட்டி ஒன்று வண்டிக்குப் போர்வையானது. ஐப்பசி பிறந்துவிட்டால் வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, பம்பர் துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காயெண்ணெய் தடவிவிடுவார். "பிள்ளை தலைக்குத் தேய்க்க எண்ணெய் இல்ல. அங்கன மட்டும் வாரந்தவறாமக் குளியல் நடக்குது" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். அப்பா இன்னும் கொஞ்சம் எண்ணெயைத் துணியில் தொட்டுக்கொள்வார்.

நான் நாலாம் வகுப்புப் படித்தபோது, பின் சீட்டின் கிழிசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்பிரிங் ஒன்று என் புதுப் பாவாடையைக் கிழித்துவிட்டது. அம்மா தையல் மிஷின் வைத்து அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைத்துக்கொடுப்பவள். கிழிசலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டவில்லை. இரண்டொரு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டுக் கடைப்பக்கம் வந்தால், அப்பா வசூலுக்குப் போயிருந்தார். அம்மா கழுத்தில் இஞ்சு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, காருக்குள் பாதி உடம்பை நுழைத்து சீட்டை அளந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா செய்ற?"

"உன் பாவாடை கிழியுதுல்ல. அதுக்குத்தான்."

ஆண்டிபட்டிப் பக்கம் தறியில் நெய்த கெட்டித் துணி. அரக்கில் கடுகு மஞ்சள் கட்டம். ஜாக்கெட் வேலையெல்லாம் ஒதுங்கிக் கிடக்க, மத்தியானப் பொழுதெல்லாம் மிஷின் அதற்கே ஓடியது. ஓரமெல்லாம் பைப்பிங் வைத்து, சீட்டுக்கு அடியில் முடிந்துகொள்ள நாடா வைத்துத் தைத்தாள். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்று சாயந்தரம் அப்பா வண்டியின் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். பிறகு ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தார். இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்தார். மறுபடி இறங்கி முன்னால் இடதுபக்கச் சீட்டிலும் உட்கார்ந்து பார்த்தார். அங்கே உட்கார்ந்து எதைப் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. சாப்பிடும்போது, "மூலையில பைப்பிங் நல்லா வந்திருக்கு" என்றார்.

"இன்னொரு தோசை வைக்கவா?" என்றாள் அம்மா. அவ்வளவுதான் பேச்சு.

அந்த வருடம் சங்கம் வைகை அணையில் ஒரு போட்டி வைத்தது. பழமை மாறாமல் இருக்கிற வண்டிக்கு ஒரு கோப்பை. அப்பா எங்கெங்கோ அலைந்து, அந்தக் காருக்கென்றே செய்த வைப்பர் திருகாணியையும் விளக்குக் கண்ணாடியையும் தேடிப்பிடித்து மாட்டினார். கோப்பை எங்களுக்குத்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ஷோகேஸில் பொம்மைகளை ஓரமாக நெருக்கி இடம்கூட ஒதுக்கிவிட்டேன். வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

போட்டி நாள் காலையில் அம்மா புளியோதரைத் தூக்கோடு வாசலுக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போவாள் என்று நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். அவள் கார்ப் பக்கம் வந்து நின்றாள். "துணி இழுத்துப் பிடிக்குதான்னு உக்காந்து பாத்தாத்தான் தெரியும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறினாள். எப்போதும் அங்கே உட்காருகிறவள் நான். என்னை யாரும் கேட்காமலே நான் பின்னால் போக வேண்டியதாயிற்று. அப்பா அன்றைக்கு ஓட்டியது போல மெதுவாக என்றைக்கும் ஓட்டியதில்லை. சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

அணைப் பூங்காவுக்கு வெளியே வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மீன் வறுக்கிற வாசம் வந்துகொண்டிருந்தது. மார்க் போடுகிறவர் கோட்டயத்துக்காரர், நரைத்த மீசைக்காரர். டார்ச் அடித்து எஞ்சினைப் பார்த்தார். மட்கார்டுக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். எங்கள் ஹாரனை இரண்டு தடவை அடித்துக் கேட்டுவிட்டு, "நல்ல வண்டி" என்றார். பிறகு கதவைத் திறந்தார்.

"இது பழசு இல்லல்லோ" என்றார் சீட்டைக் காட்டி.

பெரியகுளத்து மாமா அப்பாவின் தோளைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார். எனக்குக் கேட்கிற தூரம்தான். "மாப்ள, உன் வண்டிதான் முன்னுக்கு நிக்குது. இந்தத் துணிய மட்டும் அரை மணி நேரம் உருவி வச்சுரு. கிழிஞ்சிருந்தாலும் அடியில இருக்கதுதான் அசல். அசலுக்குத்தான் மார்க்கு."

கோட்டயத்துக்காரரும் தலையாட்டினார். "கவர் எடுத்தா மதி, போதும். நான் மத்த வண்டி பாத்துட்டு வரலாம்."

அப்பா ஒன்றும் சொல்வதற்குள் அம்மா தூக்கைத் தரையில் வைத்தாள். காருக்குள் குனிந்து சீட்டுக்கடியில் கையை விட்டு நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள். "கழட்டிர்றேங்க. பெறகு மாட்டிக்கிட்டாப் போச்சு" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் சந்தோஷமாக அந்தப் பக்கக் கதவைத் திறந்து அவளுக்கு உதவப் போனேன்.

"விடு" என்றார் அப்பா.

"அண்ணன் சொல்றாகள்ல. பிள்ளையும் ஆசையா இருக்கா."

"இருக்கட்டும். வண்டியில என்ன இருக்கோ அதப் பாத்து மார்க்குப் போடட்டும்."

அவர் வந்து அம்மாவை நகரச் சொல்லிவிட்டு, மண்டிபோட்டு, அவிழ்த்த நாடாக்களைத் தானே முடிந்தார். லாரிச் சுமைக்குப் போடுவது போல முரட்டு முடிச்சாகப் போட்டார். மாமா, "யோசிச்சுக்க மாப்ள" என்றார். "யோசிச்சுட்டேன் மச்சான்" என்று எழுந்த அப்பா, கோட்டயத்துக்காரரிடம், "சார், இந்த வண்டிக்கு இதுதான் சீட்டு" என்றார்.

அவர் அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். குனிந்து பைப்பிங் ஓரத்தை விரலால் நீவினார். "நல்ல துன்னல்" என்று தையலைப் பாராட்டிவிட்டு, மார்க்கைக் குறைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

கோப்பையை மதுரையிலிருந்து வந்த ஒரு சாம்பல் நிறக் கார் வாங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாவும் தட்டினார். நான் தட்டவில்லை. அம்மா தூக்கைத் திறந்து, ஜெயித்தவர்கள் உட்பட எல்லோருக்கும் புளியோதரை கொடுத்தாள். அந்த மதுரைக்காரரின் மனைவி எங்கள் காருக்குள் தலையை நீட்டி, அந்தத் துணி எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது எனக்கும் கல்யாணமாகி, ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் எத்தனை விஷயங்களைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள முடியும் என்று தெரிந்துவிட்டது. கோப்பையை வாங்காமல் வந்ததற்கு அப்பாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றவே வெகுகாலம் ஆயிற்று. அம்மாவுக்கும்தான். முடிச்சை அவிழ்க்க முதலில் கை நீட்டியவள் அவள். அந்த இரண்டு பேருக்கு நடுவில் வளர்ந்தது என் பாக்கியம்.

ஆனால் அன்றைக்கு, திரும்பி வரும் வழி முழுவதும் நான் யாருடனும் பேசவில்லை. வழியில் ஒரு டீக்கடையில் அப்பா வண்டியை நிறுத்தினார். "ஆத்தா, பஜ்ஜி சாப்பிடுறியா?" என்று கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர்கள் இருவரும் இறங்கி, பானட்டில் சாய்ந்துகொண்டு டீ குடித்தார்கள். அம்மா ஏதோ சொன்னாள். அப்பா சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் சிந்தியது. அதைத் துடைத்துவிடப் போன அம்மாவுக்கும் சிரிப்பு வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கண்ணாடியை இறுக்கி ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளே இருந்தேன். இத்தனை பேர் முன்னால் தோற்றுவிட்டு வந்தவர்கள், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் இப்படிச் சிரிக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.