எந்தக் கதவில் ஒட்டினேன்

கதவே இல்லாத வீட்டின் கதவில் நோட்டீஸ் ஒட்டியதாக எழுதிக் கையெழுத்திட்டவன் நான். திண்டுக்கல்லில் கோர்ட் அமீனாவாக இருந்தேன். வழக்குத் தாள்களை உரியவர் கையில் சேர்ப்பது வேலை. தமிழில் முதுகலை படித்தவன் என்பதால் பொய்யையும் பிழையில்லாமல் எழுதுவேன்.

சட்டம் தெளிவானது. ஆளிடம் கொடுக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் வீட்டில் வளர்ந்த ஒருவரிடம். யாருமே அகப்படாவிட்டால்தான் சாட்சி வைத்து வெளிக்கதவில் ஒட்டலாம். நாங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குவோம். சாணார்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடை. வழக்குப் போட்டவரே அங்கு சாட்சிகளோடு காத்திருப்பார். அவ்வளவு ஒத்தாசை செய்கிறவரைச் சந்தேகிப்பது பாவம் அல்லவா?

அன்று காத்திருந்தவருக்கு அண்ணன் உயிரோடு இல்லை. அண்ணி சம்பங்கி பயிரிட்டுப் பிழைத்தார். இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான கிணறு முழுக்கத் தனக்கே என்று அந்த அண்ணியின் மேல்தான் வழக்கு.

“அண்ணி பூ மார்க்கெட்டுக்குப் போயிருக்கும்ங்கய்யா. இந்த வெயில்ல அம்புட்டுத் தூரம் எதுக்கு? வடையச் சாப்புடுங்க, சூடா இருக்கு.”

சூடாகத்தான் இருந்தது. ‘வீடு பூட்டியிருந்தபடியால் வெளிக்கதவில் ஒட்டப்பட்டது’ என்று எழுதினேன். சாட்சிகள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள்.

வழக்கு இருப்பதே தெரியாததால் அந்த அம்மா கோர்ட்டுக்கு வரவில்லை. வராததால் தோற்றார். கிணற்றிலிருந்து அவருடைய மோட்டாரைக் கழற்றும் உத்தரவோடு போனவனும் நானே. அந்த வீட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வாசலை ஒரு தென்னங்கீற்றுத் தட்டி மறைத்திருந்தது.

“நோட்டீஸ் அப்பவே கதவுல ஒட்டியாச்சும்மா” என்றேன்.

“எந்தக் கதவுலய்யா?” தட்டியைத் தூக்கிக் காட்டினார். “இதுலயா? ஆடு தின்னுட்டுப் போயிருக்கும். அதையும் எழுதிக்கிருங்க.”

என்னோடு வந்திருந்த கொழுந்தன் சிரித்தார். நான் மோட்டாரைக் கழற்ற வைத்தேன். கடமை தவறாதவன்.

சம்பளம் வந்த வரைக்கும் என் மனசாட்சி வாய் திறக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு திறந்தது. தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி அந்த அம்மா மனுப் போட்டிருந்தார்; அவருடைய வக்கீலைத் தேடிப்போய், நான் எழுதியது பொய் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தேன். கூண்டிலும் ஏறினேன்.

“அன்னைக்கு எழுதினது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?” என்றார் எதிர் வக்கீல்.

“அன்னைக்கு எழுதினது.”

சுற்றிலும் சிரித்தார்கள். தீர்ப்பு ரத்தானது. வழக்கு முதலிலிருந்து தொடங்கியது. அது முடியும்வரை தண்ணீர் எடுக்கலாம் என்று மோட்டார் திரும்பி வந்தது. அதற்குள் சம்பங்கி கருகிவிட்டிருந்தது. என்னிடம் விளக்கம் கேட்டும் ஒரு நோட்டீஸ் வந்தது. தபால்காரர் வெயிலில் மாடியேறி வந்து என் கையிலேயே கொடுத்தார்.

மன்னிப்புக் கேட்க ஒருநாள் சாணார்பட்டிக்குப் போனேன். டீக்கடையில் நிற்காமல் நடந்தேன். வாசலில் புதிதாய்த் தகரக் கதவு. தட்டினேன்.

“யாரு?”

“நாந்தாம்மா, அமீனா.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

“ஒட்டிட்டுப் போங்க. இப்பத்தான் கதவு இருக்குல்ல.”

கதவு திறக்கவில்லை. தோட்டத்துப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.