வெண்டல் க்ரௌச் வாங்கிய இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ்

வெண்டல் க்ரௌச்சுக்கு எதையும் இருக்கிறபடி இருக்க விடத் தெரியாது. ஒரு பொருள் நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டால் அவனுக்குக் கை அரிக்கும். நெப்ராஸ்காவில் ஆயுசில் பாதி கார்ப்பெட் கடை நடத்தியவன். ஊரில் முக்கால்வாசி வீட்டுத் தரையை அளந்தவன் என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொள்வான். கடையை விற்ற கையோடு பஸ் நீளத்துக்கு ஒரு மோட்டார்ஹோமை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தான். பெண்டாட்டி லோர்னா மாவுக் கையோடு வெளியே வந்தாளாம். "இனிமே இதுதான் நம்ம வீடு, பழசை வித்துடலாம்" என்றானாம். அன்றைக்குத்தான் அவளுக்கு விஷயமே தெரியும்.

எனக்கு அவனைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடித்தவர்கள் யாராவது எழுதினால் வேறு மாதிரி வரும், ஆனால் அப்படி ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. என் பெயர் பெர்னடெட். ஐடஹோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள், புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். பனி விழ ஆரம்பித்தால் என் சின்ன டிரெய்லரை பிக்கப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு அரிஸோனாவில் யூமாவுக்கு வந்துவிடுவேன். என்னைப் போலக் குளிருக்குப் பயந்த கிழங்கள் எல்லாம் அங்கேதான் வண்டியை நிறுத்தி ஈஸ்டர் வரைக்கும் குடியிருக்கும். என் அதிர்ஷ்டம், பக்கத்து இடம் வெண்டலுடையது.

அவனுக்கு டெஸ்ஸா என்று ஒரே மகள். அவள் கல்யாணத்தில் அப்பன் என்கிற முறையில் வெண்டல் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பேச எழுந்தான். மாப்பிள்ளை ஏட்ரியன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "ராத்திரி யாருக்காவது படுக்கையில மூத்திரப் பாத்திரம் வைக்கணும்னா நம்ம மாப்பிள்ளையைக் கூப்பிடுங்க, கூச்சப்படாதீங்க" என்றான். சிரித்தது அவன் ஒருவன்தான். அன்றோடு மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் வருஷங்கள் ஓடிவிட்டன. அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அவளுக்கு நகைச்சுவை உணர்வே கிடையாது."

போன குளிர்காலத்தில் டெஸ்ஸா பிள்ளையுண்டாகி இருந்தாள். லோர்னா தினமும் பொழுது சாயும் நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு தபால் பெட்டிகள் பக்கம் போய் நின்று மகளிடம் பேசுவாள். தனக்காக இல்லை, இந்தப் பிரகிருதிக்காக! "அப்பாவும் வரட்டும்டி, ஒரு தடவை" என்று கெஞ்சுவாள். மகள் மாட்டேன் என்பாள். லோர்னா மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவாள். மறுநாளும் போவாள். கடைசியில் பெண் மனசு இரங்கி ஒரு நிபந்தனை போட்டாள்: ஈஸ்டர் முடிந்த வெள்ளிக்கிழமை ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கிறார்கள், அன்றைக்கு எங்கள் ஐடஹோவில் இருக்கும் பாய்ஸி ஆஸ்பத்திரிக்கு அவர் வரலாம், ஏட்ரியனிடம் முகத்துக்கு நேரே மன்னிப்புக் கேட்க வேண்டும், அப்புறம் குழந்தையைத் தூக்கலாம். ஆபரேஷன் அன்று வராவிட்டால் பிறகு எப்போதும் வர வேண்டாம்.

லோர்னா அன்று என் டிரெய்லருக்குள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அந்தாளு சரின்னுட்டாரு பெர்னி! மன்னிப்புக் கேக்குறேன்னுட்டாரு!"

"எழுதி வாங்கிக்கோ" என்றேன்.

"போடி" என்று சிரித்தாள்.

இப்போது ஃப்ரிட்ஜுக்கு வருகிறேன். அவர்கள் வண்டியில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. சின்னதுதான். ஆனால் கேஸிலும் ஓடும், கரண்டிலும் ஓடும், சத்தமே வராது, பாலைவனத்து நடுவில் நிறுத்தினாலும் பால் கெடாது. ஒரு குறையும் இல்லாத பொருள். அதன் கெட்ட நேரம், கனடாக்காரன் ஹாலிஸ் புது வண்டியோடு வந்து எதிர் வரிசையில் இறங்கினான். நாங்கள் நாலு மணிக்கு ஆளுக்கொரு நாற்காலியும் குடிக்கிற சமாசாரமும் எடுத்துக்கொண்டு யாராவது ஒருவர் வாசலில் கூடுவது வழக்கம். அன்று ஹாலிஸ் வாசல். அவன் தன் ஃப்ரிட்ஜ் கதவில் கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினான், ஐஸ் கட்டி கடகடவென்று விழுந்தது. நான் வெண்டலின் முகத்தைத்தான் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சைக்கிளைப் பார்த்த பயல் மாதிரி இருந்தது.

மறுவாரமே அளவு நாடாவை இழுக்க ஆரம்பித்துவிட்டான். வீடுகளில் வைக்கிற பெரிய ஃப்ரிட்ஜ், இரட்டைக் கதவு, ஐஸ் கொட்டும், தண்ணீர் ஊற்றும், உள்ளே நீல விளக்கு வேறு. இது வண்டிக் கதவு வழியாக நுழையாது. ஆட்களை வரவழைத்துப் பக்கத்து ஜன்னலையே சட்டத்தோடு கழற்றி உள்ளே ஏற்றினான். பழைய ஃப்ரிட்ஜின் அடியில் ஒரு அலமாரி இருந்தது. அந்த வண்டியிலேயே லோர்னாவுக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான். பின்னல் நூலையும் பேரக்குழந்தைக்குப் பாதி முடித்த போர்வையையும் அதில்தான் வைத்திருந்தாள். உயரம் போதவில்லை என்று அதைப் பெயர்த்து எறிந்தான். அவள் நூலெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் டிரைவர் சீட்டுக்கு அடியில் போயிற்று.

இந்த மாதிரி வண்டிகளில் ஒரு சங்கதி உண்டு. நிறுத்திய பிறகு பொத்தானை அழுத்தினால் ஒரு பக்கத்துச் சுவர், அதில் பொருத்தியிருக்கும் சோபா, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றோடும் வெளியே நகரும், கூடம் அகலமாகிவிடும். கிளம்பும்போது மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்காமல் ரோட்டில் ஓட்ட முடியாது. சுவர் உள்ளே வந்துவிட்டால் ஃப்ரிட்ஜுக்கும் எதிரே இருக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவில் ஒருக்களித்துத்தான் நடக்கலாம். நாங்களோ ஐந்து மாதம் சுவரை வெளியே தள்ளிவிட்டுக் கூடத்தில் கால் நீட்டிக் கிடக்கிறவர்கள். வண்டி என்பதே மறந்து போகும். வெண்டலும் அந்த அகலத்தில் நின்றுதான் அளந்தான். புது ஃப்ரிட்ஜ் பழையதைவிட இரண்டு சாண் முன்னால் துருத்திக்கொண்டிருந்தது.

லோர்னா கேட்டாள். என் காதால் கேட்டேன், அவர்கள் ஜன்னல் அப்போது இல்லையே!

"சுவரு உள்ள வந்தா இது எங்க போகும் வெண்டல்?"

"அளவெடுக்கிறதை எனக்கே சொல்லித் தர்றியா? கார்ப்பெட்ல ஒரு நூலிழை தப்புனது கிடையாது நான்."

"இல்ல, ஒரு தடவை உள்ள இழுத்துப் பாத்துட்டா..."

"ஐஸ் வேணுமா உனக்கு, கட்டியா, தூளா?"

அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறம் அவன் பண்ணின அலட்டல் தாங்க முடியவில்லை. நாலு மணிக் கூட்டம் தினமும் அவன் வாசலில்தான். ஹாலிஸைக் கூப்பிட்டு, "இந்தா, உன்னுதுல தூள் ஐஸ் வருமா?" என்று கேட்பான். ஒரு வாரம் பார்த்தேன். அப்புறம் எனக்குக் கால் வலி என்று சொல்லிவிட்டேன்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை காலை அவர்கள் கிளம்புவதாக ஏற்பாடு. நானும் அதே சாலையில் வடக்கே போகிறவள், என் டிரெய்லரும் தயார். எங்கள் இடத்தில் ஒரு வண்டி கிளம்பினால் அந்த வரிசையே தெருவில் வந்து நின்று கையாட்டும், போகிறவன் ஹாரன் அடிப்பான். வெண்டலுக்கு இது உயிர். தலை வாரி, புதுத் தொப்பி போட்டு, எல்லோரும் வந்துவிட்டார்களா என்று ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பின்பக்கம் போனான். சுவரை இழுக்கிற பொத்தான் பின்னால், படுக்கையறை வாசலில் இருக்கிறது.

சுவர் நகர்ந்தது. பாதிக்கு மேல் வந்ததும் உள்ளே 'டக்' என்றது. வேறு யாராக இருந்தாலும் கையை எடுத்திருப்பார்கள். இவன் எடுக்கவில்லை. "கொஞ்சம் இறுக்கமா இருக்கு, வந்துடும்" என்று குரல் வந்தது. பிறகு எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம், மோட்டார் 'வீல்' என்று கத்தி ஓய்ந்தது.

லோர்னா முன்கதவு வழியாக இறங்கி வந்தாள், கைப்பையும் கோட்டுமாக.

"மாட்டிக்கிச்சு" என்றாள்.

"எது, சுவரா?"

"சுவரு, ஃப்ரிட்ஜு, வெண்டல்."

எட்டிப் பார்த்தேன். ஃப்ரிட்ஜின் இரண்டு கதவும் அடுப்பு மேடையோடு அப்பிக்கொண்டு நின்றன. ஒரு அட்டைகூட நுழையாது. ஃப்ரிட்ஜைத் திறக்கவும் முடியாது, தாண்டவும் முடியாது. அதற்கு அந்தப் பக்கம் படுக்கையறையில் வெண்டல்.

கொஞ்ச நேரத்தில் வண்டியின் பின்பக்கம் அவசர ஜன்னல் திறந்தது. புதுத் தொப்பி முதலில் வந்தது, அப்புறம் முகம், அப்புறம் தோள். தொப்பை வரவில்லை.

"சிரிக்காத பெர்னடெட்!"

"நான் எங்க சிரிச்சேன்? அது ஹாலிஸ்."

"யோவ் வெண்டல்," என்றான் ஹாலிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே ஒரு டம்ளர் தூள் ஐஸ் நீட்டுய்யா!"

பழுது பார்க்கிற டுவெய்னைக் கூப்பிட்டோம். அவன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து ஜன்னலை அண்ணாந்து பேசினான்.

"பல்சக்கரம் போச்சு சார். ஆனா பயமில்ல. பக்கத்து ஜன்னலைக் கழட்டி ஃப்ரிட்ஜை வெளிய எடுத்துட்டா, நாலு பேர் தோள் குடுத்துச் சுவரை உள்ள தள்ளிடலாம். நாளைக்குக் காலைல நீங்க ரோட்டுல இருப்பீங்க."

"ஃப்ரிட்ஜு?"

"இங்கயே விட்டுட்டுப் போங்க. ஐஸ்பெட்டி ஒண்ணு வாங்கிட்டா ஊர் வரைக்கும் போதும்."

புதன் கிளம்பினாலும் வெள்ளிக்கிழமைக்கு பாய்ஸி போய்ச் சேரலாம். லோர்னா முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "அப்படியே செஞ்சிடு டுவெய்ன்" என்று வாயைத் திறந்துவிட்டாள்.

"இரு இரு" என்றான் ஜன்னலில் இருந்தவன். "எதிர்ல இருக்கிற மேடையை அறுத்துட்டா?"

டுவெய்ன் கையைத் துடைத்துக்கொண்டான். "அறுக்கலாம். அடுப்பு போயிடும், பாத்திரம் கழுவுற தொட்டி போயிடும். கேஸ் குழாயை அடைக்கணும். எல்லாரும் கிளம்புற சமயம், எனக்கு ரெண்டு வாரம் ஆகும்."

"அப்ப அதைச் செய்."

 ஹாலிஸுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"வெள்ளிக்கிழமை, வெண்டல்" என்றாள் லோர்னா.

"குழந்தை எங்க ஓடிடப் போகுது? அடுத்த மாசமும் அங்கதானே இருக்கும்? நாம அடுப்புல என்னத்தைச் சமைக்கிறோம், சொல்லு. இந்த ஃப்ரிட்ஜுக்கு நான் எவ்வளவு..."

"டெஸ்ஸா என்ன சொன்னான்னு ஞாபகம் இருக்கா?"

"அவ கிடக்கா. கோபத்துல சொல்றது. நீ போன் பண்ணிப் பேசு. உனக்குத்தான் நல்லா கெஞ்ச வருமே!"

 தரையில் கிடந்த கூழாங்கல் ஒன்றை எடுத்து அந்தத் தொப்பியைக் குறிபார்க்கலாம் போல இருந்தது. லோர்னா முன்கதவு வழியாக உள்ளே போனாள், டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து அந்த நூல் பையை எடுத்தாள், வந்து என் பிக்கப்பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"லோர்னா! எங்க போற? யாராவது ஏணி கொண்டாங்கப்பா! லோர்னா!"

நான் ஹாரன் அடித்தேன். வரிசை முழுக்கக் கையாட்டியது. வெண்டலைக் கடந்து போகும்போது இன்னொரு தடவையும் அடித்தேன், வேண்டுமென்றேதான்.

நெவாடாவுக்குள் நுழைந்த பிறகு பெட்ரோல் போட நிறுத்தினோம். அவள் போன் அடித்தது. வெண்டல். ஒலிபெருக்கியில் போட்டாள். நானும் ஒரு நப்பாசையில் காதைத் தீட்டிக்கொண்டேன். மனுஷன் ஒரு வார்த்தையாவது சொல்வான் என்று.

"டுவெய்ன் ஜன்னல் சட்டத்தைக் கழட்டி இறக்கி விட்டான்" என்றான். "முதுகு பிடிச்சுக்கிச்சு. ஃப்ரிட்ஜு திறக்கல, ஹாம் பூரா உள்ள இருக்கு. பீன்ஸ் டின் இருக்கு, திறக்குற கருவி எங்க வச்ச?"

"மைக்ரோவேவ் மேல இருக்கிற தட்டுல" என்றாள் லோர்னா.

"ம்" என்று வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவள் பின்னலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கண்ணிகூடப் போடவில்லை. இருட்டுவதற்குள் மகள் கூப்பிட்டாள். அதையும் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"எங்கம்மா வந்துட்டிருக்கீங்க? அப்பா ஓட்டுறாரா?"

"பெர்னி ஓட்டுறா. நான் அவகூட வர்றேன்."

 டெஸ்ஸா மெல்லப் பேசினாள். "அப்பாவுக்கு மாடி ஏற முடியாதுல்ல, முட்டி வலி. அதுக்காக ஏட்ரியன் கீழ் ரூமைக் காலி பண்ணி, நேத்து பூரா உக்காந்து அவருக்குக் கட்டில் பூட்டி வச்சிருக்கார்மா. போர்வை எல்லாம் போட்டாச்சு. ஏட்ரியன்கிட்ட என்ன சொல்ல?"

லோர்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் வேகத்தைக் குறைத்தேன்.

"நல்ல பிள்ளை" என்றாள். "கழட்டி வச்சிடச் சொல்லும்மா. ஆள் வரலை."