ஹெல்பர் கொடுத்த வாக்கு

பேராசிரியர் அம்ராம் ஹெல்பரிடம் இருபத்தாறு வருஷம் செயலாளராக இருந்தேன். இப்போது அந்தப் பெயரைக் கேட்டாலே குமட்டுகிறது.

ஹைஃபாவில் செருப்புக் கடைக்காரர் மகன். ஜெருசலேமில் ஒப்பந்தச் சட்டம் பாடம் நடத்தினார். கையெழுத்தே இல்லாவிட்டாலும் சொன்ன சொல் சொல்தான் என்று அறுநூறு பக்கம் எழுதினார். தட்டச்சு செய்தவள் நான், நம்பித் தொலைத்தவளும் நான்தான். ஐம்பத்தெட்டு வயதில் ஆளுங்கட்சியின் வேட்பாளர் பட்டியலில் இடம் பிடித்து நாடாளுமன்றம் போனார். நானும் கூடவே போனேன்.

அரசு வீட்டில் குடியிருப்பவர் இறந்தால் பிள்ளைகள் காலி செய்ய வேண்டும் என்று ஒரு மசோதா வந்தது. எதிர்க்கட்சியின் ஸொஹாரா சாதோக் அதைக் கடுமையாக எதிர்த்தாள். ஓட்டெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு அவள் அம்மா போய்விட்டார். எங்கள் யூத வழக்கப்படி ஏழு நாள் வெளியே போகாமல் வீட்டிலேயே துக்கம் உட்கார வேண்டும். எங்கள் நாடாளுமன்றத்தில் ஒருவர் துக்கத்தில் உட்கார்ந்தால், கணக்குச் சரியாக இருக்க எதிர்த்தரப்பில் ஒருவர் ஓட்டுப் போடாமல் ஒதுங்குவார். எழுத்தில் எதுவும் கிடையாது, எல்லாம் வாய்ச்சொல்தான்.

ஹெல்பர் என் முன்னால்தான் ஸொஹாராவுக்குப் போன் செய்தார். "நீ நிம்மதியா உக்காரும்மா. நான் உள்ள போகமாட்டேன். இது என் வாக்கு."

ஓட்டெடுப்பு அன்று ஹெல்பர் உள்ளே போகவில்லை; ஓட்டு சரிசமமாக நின்றது. பெயர் கூப்பிட்டு மறுபடி எடுப்பதாக அறிவித்தார்கள். கட்சியிலிருந்து போன் வந்தது. வந்து ஓட்டுப் போட்டால் நாடாளுமன்றக் குழு ஒன்றின் தலைவர் பதவி தருகிறார்களாம். கோட்டை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"நான் சொன்னது அந்த ஓட்டெடுப்புக்கு, கெயூலா. இது வேற ஓட்டெடுப்பு."

"வெக்கமா இல்ல அம்ராம்? அறுநூறு பக்கம் டைப் அடிச்சவ நான்."

"டைப் அடிச்சா போதும். படிக்கச் சொன்னேனா?"

ஒரே ஓட்டு வித்தியாசத்தில் மசோதா நிறைவேறியது. சீ!

துக்க வீட்டுக்குச் சாப்பிட ஏதாவது கொண்டுபோவது எங்கள் வழக்கம்; மறுநாள் கேக் பெட்டியோடு துக்கம் விசாரிக்கக் கிளம்பினார். "நீயும் வா. போகலைன்னா நாலு பேர் பேசுவாங்க."

அந்தத் துக்க வீடும் அரசு வீடுதான். ஸொஹாராவின் தம்பி அம்மாவோடு அங்கேதான் குடியிருந்தான். துக்க வழக்கப்படி கிழித்த சட்டையோடு தாழ்ந்த முக்காலியில் இருந்த ஸொஹாரா இவரைப் பார்த்தாள். பேச்சை நிறுத்திக்கொண்டாள். துக்கத்தில் இருப்பவர் முதலில் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக்கூடாது. நாற்பது நிமிஷம் அவள் வாயே திறக்கவில்லை. ஹெல்பருக்கு வியர்த்து ஊற்றியது. ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

"பொறுங்க சார்," என்றான் தம்பி. "அக்கா இன்னும் பேசல."

கடைசியில் எழுந்து, கிளம்பும்போது சொல்லும் வழக்கமான ஆறுதல் வார்த்தையை முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கினார். நானும் எழுந்தேன்.

"கெயூலா, நீ உக்காரு," என்றாள் ஸொஹாரா. "அம்மாவப் பத்திச் சொல்றேன்."

கீழே கார் ஹாரன் இரண்டு முறை அடித்தது. நான் உட்கார்ந்தேன்.