அப்பளக்காரத் தண்ணீரில் ஊறிய வாழைநார்

மட்டாஞ்சேரியில் பிச்சுமணி என்று பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கனகாம்பாள் அப்பளக் கம்பெனி என்றால் ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுபோய் விடுவார். மனைவி பெயரால் அறியப்படுவதில் தனக்கு வருத்தம் இல்லை என்று பிச்சுமணி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். வருத்தம் இல்லாதவர் அதை இத்தனை முறை சொல்ல வேண்டியதில்லை.

களமசேரியில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க பக்கெட்டும் குடமும் வார்த்துத் தள்ளிய பாவத்தைக் கழுவ வாழைநாரைப் பிடித்துக்கொண்டார். நாரைப் பொடிப்பொடியாக நறுக்கி, மக்காச்சோளத்திலிருந்து செய்கிற பிளாஸ்டிக்கோடு சேர்த்து உருக்கி நூலாக இழுத்து, முப்பரிமாண அச்சு மிஷினில் கொடுத்தால், அது இழைமேல் இழை வைத்துக் கேட்ட பொருளைக் கட்டித் தரும். தரவேண்டும். பிச்சுமணிக்கு அது தந்ததெல்லாம் தொட்டால் உதிர்ந்தது. நாரும் பிளாஸ்டிக்கும், மனஸ்தாபப்பட்ட சம்பந்திகள் ஒரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி, ஒட்டாமலே இருந்தன.

நாரின் மேலிருக்கும் மெழுகுதான் ஒட்டவிடாமல் செய்கிறது, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். தின்கிற பண்டம் செய்யும் வீட்டில் காஸ்டிக் சோடா நுழையக் கூடாது என்பது கனகாம்பாளின் சட்டம். அதனால் பச்சைத்தண்ணீரில் ஊறப்போட்டு, பாரத்தைக் கடவுள்மேல் போட்டுவந்தார்.

அப்பளப் பிரஸ்ஸின் கைப்பிடி உடைந்தபோது, தானே செய்து தருவதாக வாயைக் கொடுத்தார். அவர் செய்த ஒவ்வொரு கைப்பிடியும் மாட்டிய சூட்டிலேயே ஒடிந்தது. அப்பளம் இடும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இன்னொண்ணு பண்ணுங்கோ. அதுவும் ஒடிஞ்சா மிஷின் வெளியில போகும், கேட்டேளா? அந்த ரூம்ல ரெண்டாவது பிரஸ் போடப்போறேன்" என்றாள் கனகாம்பாள், குரலை உயர்த்தாமல். குரல் உயராதபோதுதான் அவருக்குப் பயம். அந்த அறை போனால் மிச்ச காலம் அப்பளக் கட்டுக்கு லேபிள் ஒட்டுவதுதான் கதி.

அன்று சாயங்காலம், கைவசம் மிஞ்சியிருந்த நாரை, பச்சைத்தண்ணீர் என்று நினைத்து, பின்கட்டில் இருந்த வாளியில் அமுக்கினார். மறுநாள் காலையில் வீடு அமர்க்களப்பட்டது. மாவு பிசைவதற்காக அப்பளக்காரமும் உப்பும் கரைத்துத் தெளிய வைத்திருந்த வாளி அது. அன்றைக்கு அப்பளம் இல்லை. அவருக்குச் சாயாவும் இல்லை.

வேறு நார் கிடையாது. அதையே அலசி, இரண்டு நாள் காயவைத்து, நூலாக்கிக் கைப்பிடி அச்சடித்தார். பிரஸ்ஸில் மாட்டிவிட்டு, பக்கத்தில் நிற்கத் தைரியமில்லாமல் தெருக்கோடிச் சாயாக்கடைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலமும் ஓடியது. அப்பளக்காரம் நாரின் மெழுகைக் கரைத்திருந்தது. காஸ்டிக் சோடாவுக்குச் சாதுவான தம்பி ஒருவன் இத்தனை காலமும் அடுக்களையிலேயே இருந்திருக்கிறான். பிச்சுமணிக்கு அழுகை வரும்போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம். மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் கனகாம்பாளைச் சுற்றிச்சுற்றி வந்தார். அவள் அப்பளத்தை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காரம் கரைக்கும்போது, தன் வாளிக்குப் பக்கத்தில் இன்னொரு வாளியையும் வைத்துக் கரைத்தாள்.

"இது உங்களோடது. என் வாளியைத் தொடப்படாது" என்றாள். பிறகு, கையைத் துடைத்துக்கொண்டே, "புதுப் பிரஸ்ஸை ஹால்ல போட்டுக்கறேன். அதுக்கும் ஒரு கைப்பிடி வேணும்."

இதில் தனக்குப் பெருமை ஒன்றும் இல்லை என்று பிச்சுமணி இப்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.